டிரேவர் எடுத்த சிங்கிள்

பெங்களூர் ஆஸ்டின் டவுன் கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஆள் குப்புறக் கிடப்பதைப் பார்த்தால் பதறவேண்டாம். அது டிரேவர். கோல் கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காரில் கால் வைக்கும் இடத்தில் போடுகிற ரப்பர் மிதியடி ஒன்றை விரித்து, அதன்மேல் வயிற்றை வைத்து, நீள லென்ஸ் மாட்டிய கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடப்பார். படுத்துக்கொண்டு எடுத்தால்தான் ஆட்டக்காரன் வானத்துக்கு எதிரே உயரமாகத் தெரிவான், பின்னால் நிற்கும் தண்ணீர் டேங்கும் தள்ளுவண்டியும் மறையும் என்பது அவர் கட்சி. ஆட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது முன்பக்கம் முழுவதும் செம்மண்ணும், பின்பக்கம் இஸ்திரி கலையாமலும் இருப்பார். பாதி மனிதனை மட்டும் தோய்த்து எடுத்தது போல இருக்கும்.

வார நாட்களில் அவரைப் பார்த்தவர்களிடம் இந்த ஆள்தான் அந்த ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில், ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டிகளைக் கவனிக்கிற மேசை அவருடையது. மாரத்தஹள்ளியில் மழை, வண்டி நகரவில்லை என்று ஒரு டிரைவர் கன்னடத்தில் கத்துவார். வாசலில் நிற்கிறேன், கேப் எங்கே என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் கத்துவாள். இரண்டு பேரிடமும் அவரவர் பாஷையில், இதோ இரண்டே நிமிஷம் என்று டிரேவர் பொய் சொல்லுவார். பொய் சொன்ன களைப்போடு மெட்ரோவில் நின்றுகொண்டே வீடு திரும்புவார். அந்த மிதியடிகூட, பழைய வண்டியை விற்ற ஒரு டிரைவர் அன்பாகக் கொடுத்ததுதான். உலகத்தில் அவருக்குக் கத்தல் இல்லாத இடம் கேமராவுக்குப் பின்னால் மட்டும்தான். கிரவுண்டில் எல்லாரும் கத்துவார்கள். ஆனால் அவரைப் பார்த்து யாரும் கத்தமாட்டார்கள்.

மனைவி கேரல் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். புருஷன் மண்ணில் புரளுவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: பூசை தவறக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பந்துக்குப் போய்விடுவதால், சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு மூன்று பேரும் மாதா கோயிலுக்குப் போய்வருவார்கள். மூன்றாவது ஆள் மகள் டீனா. பத்தாம் வகுப்பு. கிரவுண்டின் கிளப்பில் பெண்கள் அணிக்கு இடது பக்கம் ஓடுகிறவள். பந்து காலுக்கு வந்துவிட்டால் யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. அந்தக் குணம் வீட்டிலும் உண்டு என்பாள் கேரல்.

ஞாயிறு சாயங்காலம் அப்பாவும் மகளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அவர் படங்களைத் தள்ளிக்கொண்டே போவார், அவள் தீர்ப்புச் சொல்லுவாள். இது ஆடிவிட்டது, இதில் இந்த அங்கிளுக்குத் தொப்பை தெரிகிறது, இது நல்ல லைட்டு, இது வைத்துக்கொள். தேறிய படங்கள் அன்றைக்கே அந்தந்த ஆட்டக்காரனின் வாட்ஸப்புக்குப் போய்விடும். காலணா வாங்கமாட்டார். திங்கட்கிழமை காலையில் ஆஸ்டின் டவுன் பையன்களின் போன்களில் புதுப் புது முகப்படங்கள் முளைத்திருக்கும்.

பையன்கள் கேட்டது எல்லாம் சிங்கிள். கூட ஆள் இல்லாமல், ஒற்றை ஆளாக, பந்தோடு இருக்கிற படத்துக்கு அங்கே அதுதான் பெயர். அண்ணா, ஒரு சிங்கிள் என்று கேட்டுவிட்டுத்தான் ஷூவே மாட்டுவார்கள். டிரேவரின் சிங்கிளில் வந்துவிட்டால் ஆட்டோ ஓட்டுகிறவனும் மைசூர் மகாராஜா மாதிரி இருப்பான். அது அவர் கைராசி என்றார்கள். அந்தக் கைராசிக்குத்தான் பிறகு கண்பட்டது.

முதலில் போனவர் ராஜேந்திரன். மாநகராட்சி லாரி ஓட்டியவர், கிளப்பின் பழைய தடுப்பு ஆட்டக்காரர். ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நாற்பதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. தெரு முனையில் ஃப்ளெக்ஸ் வைக்கவேண்டும். ஃப்ளெக்ஸ் வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இருந்தாலும் கண்ணீர் அஞ்சலியைக் கழற்று என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வீட்டில் படம் தேடினார்கள். ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்து அவர் மனைவி சுனிதா, இது யாரோ என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் யாருக்கோ டிரேவர் ஞாபகம் வந்தது. ராஜேந்திரன் பந்தை மார்பில் வாங்கிக்கொண்டே சிரிக்கிற சிங்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பெரிதாக அடித்து வைத்தார்கள். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் லில்லிப் பூ, நடுவே ராஜேந்திரனின் சிரிப்பு. வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள் ஜனங்கள்.

அடுத்து ஒரு பழைய ரெஃபரி போனார். எண்பதைத் தாண்டியவர், ஊதுவதற்கு மூச்சில்லாமலே பல வருஷம் விசில் பிடித்தவர். அவருக்கும் டிரேவரின் சிங்கிள்தான். அதற்கடுத்து, சிறுநீரகம் கெட்டு வெகுநாள் படுக்கையில் இருந்த ஒரு பழைய கோச். அவருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று யோசிக்கிறவனுக்குத் தெரியும். ஆனால் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கிரண் கடையில் உட்கார்ந்துகொண்டு சும்மா இருக்காமல், டிரேவர் அண்ணன் சிங்கிள் எடுத்தால் அடுத்த வேலை எனக்குத்தான் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த வாரமே அது கிரவுண்டுக்கு வந்துவிட்டது.

நேராக யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணா, ஒரு சிங்கிள் என்று கேட்பது மட்டும் நின்றது. லென்ஸ் தன் பக்கம் திரும்பினால் பக்கத்தில் இருப்பவனை இழுத்துத் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். வயதானவர்கள் ஆடும் ஆட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓடினார்கள். பாவம், கோல் காப்பவன் பாடுதான் திண்டாட்டம். அவன் தொழிலே தனியாக நிற்பது. ஷ்ரேயாஸ் என்று ஒரு கீப்பர், நல்ல உயரம், நல்ல கை. ஒரு ஆட்டத்தில் டிரேவரின் லென்ஸ் தன்னை நோக்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, முன்னால் நின்ற தடுப்பு ஆட்டக்காரனை, வாடா பக்கத்துல என்று கூப்பிட்டான். அவனும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தான். அவன் விட்டு வந்த இடத்தில் எதிரணிக்காரன் பந்தை வாங்கி, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே உருட்டிவிட்டான். ஆட்டம் முடிந்ததும் அணி மேனேஜர் டிரேவரிடம் வந்து டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, அண்ணா, தப்பா நினைக்கவேண்டாம், கோலுக்குப் பின்னால் மட்டும் படுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

டிரேவர் சிரித்துக்கொண்டே மிதியடியை எடுத்துக்கொண்டு கார்னர் கொடிப் பக்கம் போனார். வீட்டுக்கு வந்து கேரலிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெங்களூரில் இவ்வளவு கம்ப்யூட்டர் கம்பெனி வந்தும் ஜனங்களுக்குப் புத்தி வரவில்லை என்றார். ஆனால் அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்ததைக் கேரல் பார்த்தாள். மனசு நொந்துதான் போயிருந்தது. காசுக்குச் செய்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆசைக்குச் செய்ததை அபசகுனம் என்றால் எங்கே போய்ச் சொல்லுவது?

அவரைக் காப்பாற்றியது பெண்கள் அணிதான். அந்தப் பெண்களுக்கு இந்தப் பேச்சு ஒரு நல்ல வேடிக்கை. அங்கிள், என்னை எடுங்க, எனக்கு ஃப்ளெக்ஸ் வேணும் என்று லென்ஸுக்கு முன்னால் வந்து நாக்கைத் தள்ளிக் காட்டுவார்கள். சாவு என்றால் வேறு யாருக்கோ வருவது என்று நினைக்கிற வயது. கீப்பர் பார்கவி, செத்துப்போன ராஜேந்திரனின் மகள். அவளே வந்து கேட்டாள். டிரேவர் மறுபடியும் மிதியடியைக் கோலுக்குப் பின்னால் விரித்தார். எல்லாப் பெண்களையும் ஒற்றை ஒற்றையாக எடுத்தார். நல்ல நல்ல படங்கள் விழுந்தன.

ஒரு ஞாயிறு டீனா இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு, ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியையும் தாண்டி, உள்ளே திரும்பினாள். காலை வெயில் அவள் முகத்தில் சாய்ந்து விழுந்தது. காலடியில் செம்மண் எழுந்து நின்றது. கேமராவின் கட்டத்துக்குள் அவளைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. வருஷக்கணக்காகப் படுத்துக் கிடப்பவனுக்கும் அப்படி ஒன்று சுலபத்தில் கிடைக்காது. டிரேவரின் விரல் பட்டனில் இருந்தது. அந்த நொடியில் மகளைச் சுற்றிக் கறுப்புக் கரையும், இரண்டு பக்கமும் லில்லிப் பூவும், மேலே கொட்டை எழுத்தில் இரண்டு வார்த்தையும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. விரல் இறங்கவில்லை. கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டார்.

ஃபோகஸ் தப்பிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமும் ஃபோகஸ் தப்பியது. அதற்கடுத்த வாரமும். கம்ப்யூட்டர் முன்னால் டீனா கேட்டபோதும் அதையே சொன்னார். பிறகு அவர் காத்திருந்து எடுக்கப் பழகிவிட்டார். டீனா தனியாக ஓடினால் எடுக்கமாட்டார்; எதிரணிப் பெண்ணின் முழங்கையோ, தன் அணிப் பெண்ணின் பின்னலோ கட்டத்துக்குள் வந்த பிறகுதான் அமுக்குவார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? ஊரைப் பார்த்துச் சிரித்தவர், அந்த ஊரைவிடப் பெரிய கோழையாகிவிட்டார். அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தப் பருவத்தில் பெண்கள் அணி யாரும் எதிர்பாராமல் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. கோச் வீணாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிரவுண்டு வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ், பதினோரு பெண்களுக்கும் ஆளுக்கொரு சிங்கிள், நல்ல படமாகத் தாங்க என்று டிரேவரிடம் கேட்டாள். அவர் பத்துப் பேருக்கு அருமையான சிங்கிள் அனுப்பினார். டீனாவுக்கு மட்டும், கோல் போட்ட சந்தோஷத்தில் இன்னொருத்தி அவள் தோளில் கை போட்டு நிற்கிற படம்தான் இருந்தது. அதையே அனுப்பினார். கிரண் கடையில் அந்த இன்னொருத்தியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கையை மட்டும் எடுக்க முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பூசை முடிந்து மூன்று பேரும் கிரவுண்டு வழியாக வந்தார்கள். ஃப்ளெக்ஸ் முன்னால் அணிப் பெண்கள் கூடி நின்று ஒவ்வொரு படத்துக்கும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீனா ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டாள். பார்கவி பறக்கிறாள், இன்னொருத்தி தலையால் முட்டுகிறாள், எல்லாரும் தனித்தனியாக ராணி மாதிரி இருந்தார்கள். கடைசி வரிசையில் டீனா. தோளில் யாருடையதோ ஒரு கை, மணிக்கட்டோடு அறுந்து தொங்கியது. இது யாருடைய கை என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். டீனாவும் சிரித்தாள். பிறகு வீடு வரைக்கும் அப்பா அம்மாவை விட்டு முன்னால் நடந்தாள்.

வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அப்பாவிடம் வந்தாள்.

"டாடி, டீம்ல நான் ஒண்டிதான் நல்லா ஆடலயா?"

அப்படியெல்லாம் இல்லை என்று டிரேவர் அவசரமாகச் சொன்னார். இந்த வருஷம் அவள்தான் நன்றாக ஆடினாள் என்றும் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அவள் அப்பாவின் வாயைப் பார்த்து வளர்ந்தவள் அல்ல, படங்களைப் பார்த்து வளர்ந்தவள்.

"அப்ப எனக்கு ஏன் சிங்கிள் இல்ல? பார்கவி சும்மா தண்ணி குடிக்கறத எடுத்து வச்சிருக்க. நான் ஓடறது உனக்குக் கண்ணுக்கே தெரியலியா?"

உன்னைத் தனியாகப் பார்த்தால் எனக்கு உன் சாவு தெரிகிறது என்று, நாளைக்குப் பெரிய ஆட்டம் ஆடப்போகிற மகளிடம் எந்த அப்பன் சொல்லுவான்? நீ ஓடுகிற பக்கம் லைட்டு சரியில்லை என்றார் டிரேவர்.

"லைட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான் டாடி," என்று சொல்லிவிட்டு டீனா உள்ளே போனாள்.

சமையல்கட்டில் கேரல் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். டிரேவர் போய்க் கதவருகே நின்றார். அவள் கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள். பிறகு கேரல்தான் அடுப்பைத் தணித்துவிட்டு, நீங்களும் அதை நம்புகிறீர்களா என்று கேட்டாள். நம்பவில்லை, ஆனால் கை வரமாட்டேன் என்கிறது என்றார் அவர். கேரல் கோபித்துக்கொள்ளுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானும் நம்பலங்க. ஆனா நீங்க அவள தனியா எடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சி, நிம்மதியா இருந்தேன்."

பூசைக்குப் போய்வந்த துணியைக்கூட மாற்றாமல் இரண்டு பேரும் இப்படி நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் கிரவுண்டில் நல்ல கூட்டம். சுவர்மேல் பையன்கள், வாசலில் வடை வண்டி, மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். டிரேவர் மிதியடியை விரித்துப் படுத்துவிட்டார். டீனா அவர் பக்கம் திரும்பவே இல்லை. முதல் பாதியில் இரண்டு முறை பந்தோடு தனியாக வந்தாள். இரண்டு முறையும் அவர் கேமராவை இறக்கினார். இடைவேளையில் பெண்களுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து முடித்த சுனிதா, காலிப் பாட்டில்களோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராஜேந்திரன் போன பிறகு மகளோடு அவளும் கிரவுண்டுக்கு வந்து கூடமாட வேலை செய்வது வழக்கமாகிவிட்டது.

ஃப்ளெக்ஸில் பார்கவியைப் பார்த்தேன், ரொம்ப நேரம் நின்று பார்த்தேன், அச்சு அசல் அவள் அப்பா என்று சொன்னாள். டிரேவர் தலையாட்டினார். டீனா படத்தில் மட்டும் ஏன் யாருடையதோ கை இருக்கிறது என்று அடுத்ததாகக் கேட்டாள். டிரேவருக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பனைப் பறிகொடுத்த பெண்ணை, முதல் ஃப்ளெக்ஸ் எந்த வீட்டுக்குப் போனதோ அந்த வீட்டுப் பெண்ணை, ஒரு கணம்கூட யோசிக்காமல் தனியாக எடுத்திருக்கிறார். அப்போது அவர் விரல் தயங்கவில்லை. தன் மகளுக்குத்தான் தயங்குகிறது. முகம் சுருங்கிப்போய், லென்ஸைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

சுனிதாவுக்கு ஊர்ப் பேச்சு தெரியாமலா இருக்கும்? அவளுக்குக் கோபமும் வரவில்லை. பாட்டில்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"அண்ணா, அவரு போன அன்னிக்கி வீட்டையே பொரட்டித் தேடினோம். கல்யாண போட்டோல மீச கூட சரியா மொளைக்கல. ஆதார்ல யாரோ. நீங்க எடுத்ததுலதான் அவரு இருந்தாரு. நீங்க எடுக்காத உட்டிருந்தா, போவாம இருந்திருப்பாரா? போயிதான் இருப்பாரு. எனக்குத்தான் அந்தச் சிரிப்பு இல்லாம போயிருக்கும்."

அவள் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, மகள் இருக்கும் கோல் பக்கம் போனாள். டிரேவர் அப்படியே கிடந்தார். இரண்டாம் பாதியில் அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. இனிப் பெனால்டி. கால்பந்தில் மற்ற நேரமெல்லாம் யாராவது கூட இருப்பார்கள், மறிக்கவாவது ஒருத்தி வருவாள். பெனால்டிக்கு மட்டும் அந்த ஆறுதல் கிடையாது. எல்லாரும் நடுக்கோட்டில் நின்றுவிட, ஒருத்தி மட்டும் நடந்து வரவேண்டும். முழங்கை கிடையாது, பின்னல் கிடையாது, தோளில் கை கிடையாது. டிரேவர் படுத்திருந்தது கோலுக்குப் பின்னால், கீப்பர் மறைக்காத ஓரத்தில்.

ஒவ்வொருத்தியாக வந்து அடித்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றைத் தவறவிட்டு, ஐந்து அடியில் நான்கு முடிந்தபோதும் சமம். கிளப்பின் கடைசி அடி டீனாவுடையது. நடுக்கோட்டிலிருந்து அந்தப் பெண் நடந்து வந்தாள். பெரிய மைதானம், சின்னப் பெண். பந்தை வைத்தாள். பின்னால் நான்கு எட்டு போய் நின்றாள். டிரேவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். கட்டத்துக்குள் அவள் மட்டும்தான். கறுப்புக் கரையும் பூவும் வந்து நின்றன, அவர் எதிர்பார்த்தபடியே வந்தன. வரட்டும் என்று விட்டார். அந்தக் கரைக்குள் இருந்தது கன்னத்தில் மண்ணும், உதட்டைக் கடித்த பல்லும், நேற்று ராத்திரி அழுது வீங்கிய கண்ணுமாக அவர் மகள்தான். விசில் கேட்டது. அவள் ஓடி வந்தாள். மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு டிரேவர் அமுக்கினார். விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

எதிரணியின் கடைசிப் பெண் தப்பில்லாமல் அடித்தாள். தோற்றுப்போனார்கள். பார்கவி தரையில் உட்கார்ந்து அழுதாள். மற்றவர்களும் அழுதார்கள். கோச் வீணா எல்லாரையும் தேற்றிவிட்டு, டீனாவிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே கேட்டாள். அடிக்கும்போது பந்தைப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் கோலைப் பார்க்கவேண்டும், நீ எங்கே பார்த்தாய் என்றாள். டீனா குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். டிரேவர் மிதியடியில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் நகர்ந்து இடம் விட, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எடுத்தியா?"

எடுத்தேன் என்றார். அவள் கேமராவை வாங்கி, அதன் முதுகில் இருக்கும் சின்னத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பழகின கை. ஓடி வருகிறாள், கால் பின்னால் போகிறது, செம்மண் எழும்புகிறது, பந்து கிளம்புகிறது. வரிசையாக எல்லாப் படத்திலும் அவள் தனியாக இருந்தாள். எல்லாப் படத்திலும் அவள் கண், பந்திலும் இல்லை, கோலிலும் இல்லை. நேராக லென்ஸுக்குள் இருந்தது. டிரேவருக்கு ஷ்ரேயாஸ் ஞாபகம் வந்தது. அந்தப் பையன் கேமராவுக்குப் பயந்து கோலை விட்டான். இவள் எதற்கு விட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவளே சொன்னாள்.

"நான் கோலப் பாக்கல டாடி. நீ எடுக்கறியா, இல்ல இப்பவும் கீழ எறக்கிடுவியான்னு பாத்தேன்."

டிரேவர் கேமராவை வாங்கிக் கீழே வைத்தார். மண் படிந்த சட்டையோடு மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். தோற்றுப்போன நாளில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரக்கூடாதுதான். வந்துவிட்டது, என்ன செய்வது? மரத்தடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த கேரல், தோற்ற வருத்தத்தில் அழுகிறார்கள் என்று நினைத்து டீ வாங்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் டிரேவர் கிரண் கடையில் ஏறினார். ஃப்ளெக்ஸில் டீனாவின் கட்டத்தை மட்டும் அதே அளவில் புதிதாக அடித்துத் தரச் சொன்னார். கிரண் படத்தைப் பார்த்தான். பெண் ஒற்றையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்பதற்குக்கூடத் தயங்கி, இது எதுக்கு அண்ணா என்று மெதுவாக இழுத்தான்.

"எதுக்குமில்ல. உயிரோட இருக்கா, நல்லா ஆடறா, அதுக்கு," என்றார் டிரேவர்.

அன்றைக்கே ஏணி வாங்கி ஏறி, அறுந்த கை இருந்த இடத்தில் தன் கையாலேயே ஒட்டினார். கிளப்காரர்கள் சோம்பேறிகள், தோற்ற ஃப்ளெக்ஸை இன்னும் கழற்றவில்லை. இப்போதும் ஆஸ்டின் டவுன் பக்கம் போனால் பார்க்கலாம். பத்துப் பெண்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும், எடுத்தியா என்று கேட்பது போல, எதிரே நிற்கிற ஆளைப் பார்க்கிறாள்.